மூளை இழையத்தில் டொபமைன் ஏன் மறைகிறது? திணிவு நிறமாலைமானியில் நரம்புக்கடத்திகளை அளப்பது பற்றி

கொட்டகலைக் கொழுந்து

அனைவருக்கும் வணக்கம். கண்டிப் பக்கத்து ஆய்வகம் ஒன்றில் முதுநிலை ஆய்வு செய்யும் மாணவி நான், வீடு தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கொட்டகலையில். தேயிலையில் இருக்கும் தியனின் என்ற அமினோ அமிலத்தை உட்கொண்ட எலிகளின் மூளையில் நரம்புக்கடத்திகளின் (நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் வேதிப்பொருட்களின்) அளவு மாறுகிறதா என்பதே என் ஆய்வு வினா. விலங்கு ஆய்வுக்கான நெறிமுறை அனுமதி பெற்று முதல் தொகுதியை முடித்துவிட்டோம். ஆனால் கையில் இருக்கும் எண்களை நம்பி ஒரு வரிகூட எழுத முடியவில்லை என்பதால் இங்கே கேட்கிறேன்.

செய்முறையைச் சொல்கிறேன். விலங்கின் தலையைத் துண்டித்து, மூளையை எடுத்து, பனிக்கட்டியின் மீது வைத்துப் பகுதிகளைப் பிரித்து, எல்லா விலங்குகளின் பகுதிகளும் சேர்ந்த பிறகு மொத்தமாக மறை 80 பாகை ஃபிரீசரில் வைத்தோம். பின்னர் 0.1 மோலர் பேர்குளோரிக் அமிலத்தில் அரைத்து, மையநீக்கி, தெளிந்த மேற்பகுதியில் தூத்தேரியம் (கன ஐதரசன்) அணுக்கள் நான்கு சேர்ந்த டொபமைனை, இழப்பை ஈடுசெய்ய அளவு தெரிந்து சேர்க்கும் உள்ளக நியமமாகக் கலந்து, சாதாரண சி-18 கொலத்தின் வழியாக ட்ரிப்பிள் குவாட் என்ற திணிவு நிறமாலைமானிக்குள் (அயனைத் திணிவால் தெரிந்து, உடைத்து, துண்டின் திணிவையும் அளக்கும் கருவி) செலுத்தினோம்.

மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையாட்டம் பகுதியில் டொபமைன் நன்றாகத் தெரிகிறது. மூளைய மேற்பட்டையில் அது இரைச்சலுக்குள் மூழ்கிவிடுகிறது. காபா என்ற இன்னொரு நரம்புக்கடத்தியின் அளவு ஒரே குழுவின் விலங்குகளுக்கிடையிலேயே நிலையில்லாமல் ஆடுகிறது. அசற்றைல்கோலின் என்ற மற்றொன்று ஏறக்குறைய இல்லை. எல்லாவற்றையும்விட என்னைக் குழப்புவது வேறொன்று: தியனின் கொடுக்கப்படாத கட்டுப்பாட்டு விலங்குகளிலும் தியனினுக்குரிய, 175 திணிவு அயன் 158 ஆக உடைவதைப் பார்க்கும் தடத்தில் தெளிவான உச்சம் வருகிறது. கருவி பழையது, கூருணர்வு போதாது, புதியது ஒன்று கிடைக்கும்வரை காத்திருப்போம் என்பது ஆய்வகத்தில் பலரின் கருத்து. உண்மையில் குறை கருவியிடம்தானா?

மகாவலிக்கரை

மகள், கருவியைப் பற்றிப் பேசுமுன் ஒரு கேள்வி. விலங்கின் தலை துண்டிக்கப்பட்ட கணத்திலிருந்து அந்த இழையத் துண்டு உறைந்துபோன கணம் வரை எத்தனை நிமிடம் சென்றது? ஒவ்வொரு விலங்குக்கும் அந்த நேரம் ஒன்றாக இருந்ததா?

நீங்கள் கொட்டகலை என்பதால் இப்படிக் கேட்கத் தோன்றுகிறது: பறித்த கொழுந்தை ஒருவர் உடனே ஆவியில் அல்லது சூடான தட்டில் போட்டுப் பச்சைத் தேயிலை ஆக்குகிறார்; இன்னொருவர் அதே கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட விட்டுக் கறுப்புத் தேயிலை ஆக்குகிறார். இலை ஒன்றுதான். முதலாமவர் பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியத்தை வெப்பத்தால் கொன்றுவிட்டார். இரண்டாமவர் அதை வேலை செய்ய விட்டார். கட்டச்சின்கள் ஒட்சியேறிச் செம்பழுப்பு நிறம் பெறுவது அந்த இரண்டாவது வழியில்தான். மூளை இழையமும் அவ்வாறே இரத்த ஓட்டம் நின்ற பின்னும் நொதியங்களால் நிறைந்த ஒரு பை. நீங்கள் பனிக்கட்டியின் மீது அமைதியாகப் பகுதிகளைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அந்த நொதியங்கள் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

விளைவுகள் நன்கு அறியப்பட்டவை. குளுட்டமேற்றிலிருந்து காபாவை உண்டாக்கும் நொதியம் இறப்பின் பின்னும் இயங்குவதால் காபா உயர்கிறது. அசற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியமோ உயிரியலில் அறியப்பட்ட மிக வேகமான நொதியங்களுள் ஒன்று. எனவே அசற்றைல்கோலின் கண்முன்னே கரைந்துபோகிறது. டொபமைனின் ஒரு பகுதிக்கு மெதைல் கூட்டம் ஒட்டப்பட்டு 3-மெதொக்சிடைரமைன் விரைவாகச் சேர்கிறது. உங்கள் காபா ஆடுவதும் அசற்றைல்கோலின் மறைவதும் ஒரே காரணத்தின் இரு முகங்கள் என்பது என் உறுதியான எண்ணம். உலகின் விலை உயர்ந்த கருவியைக் கொண்டுவந்து வைத்தாலும், கறுத்துப்போன கொழுந்திலிருந்து பச்சைத் தேயிலையை அது எடுத்துத் தராது.

ஆகவே முதல் திருத்தம் ஆய்வு மேசையில் நடக்கட்டும். விலங்கை ஒவ்வொன்றாக எடுங்கள். மூளை வெளியே வந்ததும் உலர்பனியால் குளிர்விக்கப்பட்ட ஐசோபென்ரேனில் முழுதாக உறையவையுங்கள். பகுதிகளைப் பின்னர் உறைந்த நிலையிலேயே குளிர்வெட்டியில் துளையிட்டு எடுங்கள். திரவ நைதரசனில் நேரே போடுவது வேகமானதுபோல் தோன்றும். ஆனால் இழையத்தைச் சுற்றி உடனே ஆவிப் படலம் ஒன்று எழுந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். மூளையும் வெடித்துப் பிளக்கும். தலையில் குவிக்கப்பட்ட நுண்ணலையால் ஒரு வினாடி அளவில் நொதியங்களைச் செயலிழக்கச் செய்யும் சிறப்புக் கருவிகளும், எடுத்த இழையத்தை 95 பாகைக்குச் சூடாக்கி நிலைப்படுத்தும் கருவிகளும் உண்டு. அவை நமக்குக் கிட்டாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். வீட்டுச் சமையலறை நுண்ணலை அடுப்பை அதற்கு மாற்றாக எவரும் முயலக்கூடாது. சூடு சீராகப் பரவாது, விலங்குக்கும் அது கொடுமை.

மூளையின் நடுப்பகுதி உறைய ஒரு நிமிடத்துக்கும் மேல் பிடிக்கும் என்பதால் இந்த வழியும் முழுமையானதன்று. அதனால்தான் 3-மெதொக்சிடைரமைனை ஒவ்வொரு மாதிரியிலும் கூடவே அளக்கச் சொல்கிறேன். அதற்கான தடம் 168 இலிருந்து 151. ஒரு விலங்கில் மட்டும் அது உயர்ந்து நின்றால், அங்கே உறைதல் தாமதித்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பதுளை வேதியியல்

மகாவலிக்கரை ஐயா சொன்னவற்றோடு முழுதும் உடன்படுகிறேன். ஆனால் மேற்பட்டையின் டொபமைனை அது மட்டும் காப்பாற்றாது. எலியின் ஸ்ட்ரையாட்டத்தில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 10 மைக்குரோகிராம் டொபமைன் இருக்கிறது. மேற்பட்டையின் பல இடங்களில் அதில் நூற்றில் ஒரு பங்கு அளவே உண்டு. அதே இழையத்தில் குளுட்டமேற்று கிராமுக்குச் சுமார் 10 மைக்குரோமோல் வரை நிறைந்து கிடக்கிறது. ஒரே செலுத்தலில் இரண்டையும் பிடிக்க முயல்வது, காலையில் தோட்டத் தொழிலாளர் கூடும் பெரட்டுக் களத்து இரைச்சலில் ஒருவரின் முணுமுணுப்பைக் கேட்க முயல்வது போன்றது.

டொபமைனின் புரோத்தன் ஏற்ற அயன் 154 இல் நிற்கிறது. கரைசலை மின்னழுத்தத்தில் துளிகளாகத் தெளித்து அயனாக்கும் மின்தெளிப்பின்போது கரைப்பான் கொத்துகளும் உப்புக் கொத்துகளும் நெரிசலாகத் திரளும் இடம் அது. அதோடு டொபமைன் நீரை விரும்பும் சிறிய மூலக்கூறு என்பதால் சி-18 கொலத்தில் நிலைகொள்ளாமல், மூளையிலிருந்து வந்த உப்புகளோடு சேர்ந்து முதலிலேயே வெளியேறிவிடுகிறது. நீர் மிகுந்த அந்தக் கட்டத்தில் துளிகள் எளிதில் உலர்வதில்லை. அயனாக மாற வேண்டியது துளிக்குள்ளேயே கிடக்கிறது. பற்றாக்குறைக்கு, அயன் மூலத்துக்குள்ளேயே அது அமோனியாவை இழந்து 137 ஆக உடைகிறது. அயன்களைக் கருவிக்குள் இழுக்கும் கூம்பு மின்னழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். 154 இல் இழந்ததில் ஒரு பகுதியாவது திரும்பி வரும்.

ஆனால் என் முதன்மையான பரிந்துரை, பென்சோயில் குளோரைட்டோடு வினைபுரியவைத்து மூலக்கூறுகளை மாற்றி (பெறுதியாக்கி) அளப்பது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரொபர்ட் கெனடி குழுவினர் 2012 இல் இந்த வழியால் 17 நரம்பு வேதிப்பொருட்களை ஒரே ஓட்டத்தில் அளந்து காட்டினர். 2016 இல் அதே குழு அந்தப் பட்டியலை 70 ஆக விரித்தது. அமீன் கூட்டத்திலும் பீனோலின் ஐதரொட்சில் கூட்டத்திலும் ஒவ்வொரு பென்சோயில் கூட்டம் ஒட்டும்போது மூலக்கூறின் திணிவு 104 கூடும். டொபமைனில் மூன்று இடங்கள் இருப்பதால் அது 154 இலிருந்து 466 க்குத் தாவுகிறது. செரட்டோனின் இரண்டைப் பெற்று 385 க்கும், காபா ஒன்றைப் பெற்று 208 க்கும் செல்கின்றன. நெரிசல் தெருவிலிருந்து அகன்ற வெளிக்கு வந்தது போல. கொலத்தில் நன்றாக ஒட்டி, அசற்றோநைத்திரைல் மிகுந்த கட்டத்தில், உப்புகள் எல்லாம் போன பிறகு வெளிவரும். துளிகளும் விரைவில் உலரும்.

இன்னொரு பெரும் நன்மை, கட்டகோல் வளையத்தின் இரு ஐதரொட்சில் கூட்டங்களும் மூடப்படுவதால் அதன் பின் டொபமைன் ஒட்சியேறுவதில்லை. கொழுந்து கறுப்பதும் டொபமைன் கரைசல் பழுப்பாவதும் அடிப்படையில் ஒரே வேதியியல் என்பதால், ஐயாவின் உவமையை நான் இங்கே நீட்டிக்கொள்கிறேன்: பென்சோயிலேற்றம் என்பது ஒட்சிசன் பிடிக்கும் கையைக் கட்டிவிடுவது.

செய்முறையில் கடினம் எதுவும் இல்லை. மாதிரி இரண்டு பங்கு, 100 மில்லிமோலர் சோடியம் போரேற்றுக் கரைசல் ஒரு பங்கு, அசற்றோநைத்திரைலில் 2 சதவீதப் பென்சோயில் குளோரைட்டு ஒரு பங்கு. அறை வெப்பநிலையில் வினாடிகளுக்குள் வினை முடிந்துவிடும். கண்ணீரை வரவழைக்கும் பொருள் என்பதால் புகைகூண்டுக்குள் மட்டும் திறக்கவும்.

கொட்டகலைக் கொழுந்து

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சேர், நீங்கள் கேட்ட நேரத்தை நாங்கள் குறித்து வைக்கவே இல்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். முதல் விலங்கின் துண்டுகள் கடைசி விலங்கு முடியும்வரை பனிக்கட்டியில் கிடந்தன.

பதுளை அண்ணா, நேற்று, கையிலிருந்த பேர்குளோரிக் அமிலச் சாறு ஒன்றில் பென்சோயிலேற்றத்தை முயன்றேன். நியமக் கரைசலில் 466 அழகாக எழுந்தது. மூளைச் சாற்றில் எதுவும் இல்லை. எங்கே தவறினேன்?

மகாவலிக்கரை

அமிலத்தில்தான். பென்சோயிலேற்றத்துக்குக் கார ஊடகம் வேண்டும். அமீன் புரோத்தனோடு இருக்கும்வரை அது வினைபுரியாது. உங்கள் சாற்றிலிருந்த பேர்குளோரிக் அமிலம் அந்தச் சிறிதளவு போரேற்றை விழுங்கிவிட்டது. பி.எச். தாளை ஒரு துளியில் தொட்டுப் பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். பேர்குளோரிக் அமிலம் மின்வேதி உணரிகளின் காலத்துப் பழக்கம், அங்கே அது நல்லது. திணிவு நிறமாலைமானிக்கு முன்னால் அதற்கு இடமில்லை. அது தரும் பேர்குளோரேற்று அயன் சமிக்ஞையைக் கெடுக்கும்.

குளிர்ந்த அசற்றோநைத்திரைலும் நீரும் கலந்த கரைசலில், சிறிது அஸ்கோபிக் அமிலத்தோடு, உறைந்த இழையத்தை உருகவிடாமல் நேரே அரையுங்கள். மெதனோலைத் தவிர்ப்பது நல்லது. பென்சோயில் குளோரைட்டு அதனோடும் வினைபுரிந்து வீணாகும். பின்னர் போரேற்றைச் சேர்த்த உடனேயே, தாமதிக்காமல், பென்சோயில் குளோரைட்டைச் சேருங்கள். காரத்தில் நிற்கும் கட்டகோல் நிமிடத்துக்கு நிமிடம் கெட்டுக்கொண்டிருக்கும்.

பதுளைத் தம்பியின் முறையைக் குறித்து எனக்கு இரு தயக்கங்கள் உண்டு. முதலாவது, பென்சோயிலேறிய பொருள்களில் பெரும்பாலானவை உடையும்போது 105 என்ற ஒரே துண்டைத்தான் தருகின்றன. அது மூலக்கூறுக்குரிய அடையாளம் அன்று, வினைப்பொருளின் அடையாளம். எனவே அடையாளம் முழுவதும் முதல் திணிவிலும் கொலத்திலிருந்து வெளிவரும் நேரத்திலும் தங்கியிருக்கிறது. இயன்ற இடத்தில் செரட்டோனினின் 264 போன்ற இரண்டாவது துண்டையும் பாருங்கள்.

இரண்டாவது, உள்ளக நியமம். காபன்-13 ஏற்றிய பென்சோயில் குளோரைட்டால் நியமங்களைத் தனியே பெறுதியாக்கி, வினை முடிந்த மாதிரியில் சேர்ப்பது பலரின் வழக்கம். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிச் சமதானி நியமம் வாங்கும் செலவை அது மிச்சப்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால் அரைக்கும்போது இழந்ததையும் வினை முற்றுப்பெறாமல் போனதையும் அது அறியவே அறியாது. உயிருள்ள மூளையில் வைத்த நுண்குழாயால் எடுக்கும் நுண்பகுப்புத் திரவத்தில் அது போதும். மூளை இழையத்தில் போதாது. தங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தூத்தேரிய டொபமைனை அரைக்கும் கரைசலிலேயே சேர்த்துவிடுங்கள். மையநீக்கிய பின் சேர்த்தது, களவு போன பிறகு கதவைப் பூட்டியதற்குச் சமம்.

பதுளை வேதியியல்

நியமத்தைப் பற்றி ஐயா சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். 105 பற்றிய கவலையை மட்டும் சற்று அதிகம் என்று கருதுகிறேன். பெறுதியாக்காத நிலையில் 154 இலிருந்து 137 என்பதும் அமோனியா இழப்பு மட்டுமே. எத்தனையோ அமீன்கள் அதைச் செய்கின்றன. இரண்டில் எதுவும் கைரேகை அன்று. 466 அளவில் மூளையிலிருந்து வந்து பென்சோயிலாலும் தாக்கப்படும் பொருள்கள் 154 அளவில் இருப்பவற்றைவிடக் குறைவு என்பதே என் நிலைப்பாடு.

அயன் ஒடுக்கத்தைப் பற்றி, அதாவது கூட வரும் பொருள்கள் சமிக்ஞையை அமுக்குவதைப் பற்றி, ஒரு சொல். மூளையின் உலர் நிறையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அசற்றோநைத்திரைல் புரதத்தை வீழ்த்தும், பொசுபோலிப்பிட்டுகளை வீழ்த்தாது. அவை கொலத்தில் தங்கி, அடுத்தடுத்த செலுத்தல்களில் எதிர்பாராத நேரத்தில் வந்து சமிக்ஞையை அமுக்கும். 184 இலிருந்து 184 என்ற தடத்தை எப்போதும் திறந்து வையுங்கள்; பொசுபற்றிடைல்கோலினின் தலைப்பகுதி அங்கே தெரியும். உங்கள் டொபமைனின் நேரத்தில் அது எழுந்தால் ஓட்டத்தின் இறுதியில் அசற்றோநைத்திரைலால் கழுவும் நேரத்தை நீட்டுங்கள். மூளைச் சாற்றைச் செலுத்தும்போது கொலத்துக்குப் பின்னால் டொபமைன் நியமத்தைச் சீராக ஊற்றிக்கொண்டிருந்தால், அடிக்கோடு எங்கெங்கே குழி விழுகிறது என்பதும் ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும். கருவி பழையது என்று சொல்வோரிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

நுவரெலியா வைத்தியர்

அசற்றைல்கோலினைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் ஆய்வகத்தவன் அல்லன். மரக்கறித் தோட்டங்கள் சூழ்ந்த பிரதேசத்தில் பூச்சிகொல்லி அருந்தியவர்களைப் பல ஆண்டுகள் பார்த்தவன். ஒகனோபொசுபரசு நஞ்சு அசற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியத்தையே முடக்குகிறது. நஞ்சுண்ட ஓரிரு நாள்களின் பின், முதற்கட்ட அறிகுறிகள் தணிந்துவிட்டன என்று நாம் நம்பும் வேளையில், கழுத்தும் சுவாசத் தசைகளும் திடீரெனத் தளர்ந்துபோகும் நிலையை 1987 இல் பேராதனையிலிருந்து சேனாநாயக்கவும் கரலியத்தவும் இடைநிலை நோய்க்குறித்தொகுதி என்று உலகுக்கு எடுத்துரைத்தார்கள். அந்த நோயாளிகளின் படுக்கையருகே நின்றவர்களுக்கு, இந்த மூலக்கூறைச் சரியாக அளப்பது எவ்வளவு பெறுமதியானது என்று தெரியும்.

என் கேள்வி இதுதான்: நஞ்சு கொடுக்கப்பட்ட விலங்கின் மூளையில் அசற்றைல்கோலினை அளக்க, பதுளையவர் கூறும் பென்சோயில் முறை பொருந்துமா?

மகாவலிக்கரை

பொருந்தாது, வைத்தியர் ஐயா. அசற்றைல்கோலினில் வினைபுரியக்கூடிய அமீனும் இல்லை, பீனோலும் இல்லை. ஆயினும் அது தன்னிடமே நிலையான நேர் ஏற்றத்தைக் கொண்டிருப்பதால் பெறுதியாக்காமலே நல்ல சமிக்ஞை தரும். அதற்குத் தனியாக நீர்விரும்பிக் கொலம் ஒன்றில், அசற்றோநைத்திரைல் மிகுந்த கரைசலில் மாதிரியைச் செலுத்துங்கள். தூத்தேரியம் ஒன்பது சேர்ந்த நியமம் கிடைக்கிறது.

ஒரு பொறி உண்டு. உடலில் கார்னிற்றீன் உண்டாவதற்கு முந்திய படியாகிய காமா-பியூட்டிரோபீற்றேன் என்ற பொருளுக்கும் அசற்றைல்கோலினுக்கும் அயனாகியபின் சூத்திரம் அச்சாக ஒன்றே, இரண்டும் 146.118. இரண்டும் மும்மெதைலமீனை இழந்து 87 ஐத் தருகின்றன. எவ்வளவு உயர்ந்த பிரிதிறனுள்ள கருவியும் இவற்றைத் திணிவால் பிரிக்காது, கொலம் ஒன்றே பிரிக்கும். நொதியம் இயங்கும் சாதாரண விலங்கில் அசற்றைல்கோலின் அழிந்தபின் எஞ்சி நிற்கும் உச்சம் பெரும்பாலும் மற்றதாக இருக்கக்கூடும். கொட்டகலை மகளும் இதைச் சரிபார்க்க வேண்டும்.

ஹப்புத்தளை மூடுபனி

இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டேன். கட்டுப்பாட்டு விலங்கில் தெரியும் தியனின் உச்சத்துக்கு இன்னும் எவரும் பதில் சொல்லவில்லை. அது ஆர்ஜினின் என்று நினைக்கிறேன். தியனினின் அயன் 175.108, ஆர்ஜினினின் அயன் 175.119. ட்ரிப்பிள் குவாட்டின் கண்ணுக்கு இரண்டும் 175. இரண்டும் அமோனியாவை இழந்து 158 க்கு வருகின்றன. திணிவால் பிரிக்க வேண்டுமானால் 15,000 க்கு மேற்பட்ட பிரிதிறன் வேண்டும். மூளையில் ஆர்ஜினின் இயல்பாகவே உண்டு. பென்சோயிலேற்றிய பின்னும் இரண்டும் 279 இலேயே நிற்கும். ஆனால் ஆர்ஜினினின் குவானிடீன் கூட்டம் ஏற்றத்தோடு எஞ்சுவதால் அது கொலத்திலிருந்து முந்தி வெளியேறும். ஆர்ஜினின் நியமத்தைத் தனியே ஒருமுறை செலுத்திப் பாருங்கள். காபாவுக்கும் இதே எச்சரிக்கை உண்டு: கோலினும் 104 இல்தான் நிற்கிறது, ஆனால் அது 60 க்கு உடைகிறது, காபா 87 க்கு உடைகிறது என்பதால் அங்கே தப்பிக்கலாம்.

நான் வெளிநாட்டில் சில காலம் மால்டி (லேசரால் அயனாக்கும் முறை) வழியாக மூளைச் சீவல்களைப் படமாக்கும் வேலையில் இருந்தேன். அரைத்துவிட்டால் எந்த இடத்தில் இருந்தது என்ற செய்தி அழிந்துவிடுகிறது. படமாக்கத்தில் அது பிழைக்கிறது. ஆனால் அங்கேயும் இதே நோய்தான். லேசர் ஒளியை உறிஞ்சச் சீவலின் மீது பூசும் வழக்கமான தளப்பொருளாகிய டைஐதரொட்சிபென்சோயிக் அமிலம் தானே 154 இலும், சோடியத்தோடு சேர்ந்து 177 இலும் அயன் தருகிறது. அதாவது டொபமைனுக்கும் செரட்டோனினுக்கும் அருகிலேயே அதுவும் நிற்கிறது. சுவீடனின் உப்சாலாவிலுள்ள பேர் அந்திரேன் (Per Andrén) என்பவரின் குழுவினர் 2014 இல் பிரிலியம் உப்புகளாலும், 2019 இல் அந்திரசீன் கொண்ட புளோரோமெதைல்பிரிடினியம் என்ற வினைப்பொருளாலும் சீவலின் மீதே பெறுதியாக்கி இதைக் கடந்தார்கள். பின்னையது டொபமைனை 421 க்கும், இருமுறை ஒட்டினால் 674 க்கும் தள்ளுவதோடு, நிலையான நேர் ஏற்றத்தையும் கொடுத்து, தளப்பொருளின் வேலையையும் தானே செய்கிறது.

நம் மலைநாட்டில் இதைச் செய்ய நினைப்போருக்கு ஓர் அனுபவக் குறிப்பு. மறை 80 பாகையிலிருந்து எடுத்த கண்ணாடித் தகட்டை நம் ஊர் ஈரக்காற்றில் திறந்தால், மூச்சு விடுமுன் பனித்துளி படிந்துவிடும். அந்த நீரில் டொபமைன் கரைந்து பக்கத்துப் பகுதிக்கு ஓடும். பின்னர் வரும் படம் அழகாகவும் பொய்யாகவும் இருக்கும். தகடுகளை மூடிய பெட்டியிலேயே அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, வெற்றிட உலர்த்தியில் உலர்த்திய பிறகே திறக்க வேண்டும். சீவலுக்கு இழையத்தைப் பொதிக்கும் பிசினையும் தவிர்க்கவும், அதன் பல்பகுதியங்கள் சமிக்ஞையை மூடிவிடும். போமல்டிகைட்டால் நிலைப்படுத்திய மூளையும் வேண்டாம். அது அமீன்களோடு வினைபுரியும்.

கொட்டகலைக் கொழுந்து

ஹப்புத்தளை அவர்களே, ஆர்ஜினினை இன்று காலை தனியே செலுத்தினேன். கட்டுப்பாட்டு விலங்கில் நான் தியனின் என்று எண்ணிய உச்சத்தின் நேரத்திலேயே அது வந்தது. பழைய ஓட்டத்தில் இரண்டும் உப்போடு உப்பாக ஒன்றாகவே வெளியேறியிருக்கின்றன. இரண்டு மாதம் அந்த எண்ணைப் பார்த்துத் தூக்கம் இழந்தேன்.

இன்னொரு கேள்வி. மூளையில் இயல்பாகவே டொபமைன் இருப்பதால், டொபமைன் இல்லாத மூளைச் சாறு என்று எதுவும் கிடையாது. அளவுகோட்டை எதில் வரைவது? நீரில் வரைந்த கோடு இழையத்துக்குப் பொருந்துமா?

மகாவலிக்கரை

நல்ல கேள்வி. இதைக் கேட்காமலே பலர் ஆய்வேடு எழுதிவிடுகிறார்கள். ஒரே மூளைச் சாற்றைப் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் டொபமைனைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே சென்று கோடு வரையுங்கள். அந்தக் கோட்டின் சாய்வும் நீரில் வரைந்த கோட்டின் சாய்வும், உள்ளக நியமத்தோடு விகிதமாக்கிய பின், ஒன்றாக இருந்தால் நீரிலேயே வரையலாம். ஒன்றாக இல்லையென்றால் இழையத்திலேயே வரைய வேண்டும். தூத்தேரிய நியமத்தைத் தனியே செலுத்தி, அதில் சாதாரண டொபமைன் எவ்வளவு கலந்திருக்கிறது என்றும் பாருங்கள். மேற்பட்டை போன்ற வறிய பகுதியில் அந்தக் கலப்படமே உங்கள் விடையாகிவிடக்கூடும். தூத்தேரியம் சேர்ந்த மூலக்கூறு கொலத்திலிருந்து சற்று முந்தி வருவதும் உண்டு. இரண்டும் ஒரே கணத்தில் வராவிட்டால் ஒரே ஒடுக்கத்தை அனுபவிக்கவில்லை என்று பொருள்.

குளுட்டமேற்றுக்கு வேறாக, பலமடங்கு நீர்த்த சாற்றை இரண்டாம் முறை செலுத்துங்கள். ஒரே ஓட்டத்தில் இரண்டையும் முடிக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரைத்த இழையத்தில் கிடைப்பது பெரும்பாலும் நரம்பு முனைகளின் பைகளுக்குள் சேமிக்கப்பட்ட கையிருப்பு. நரம்பு சுரந்த அளவை அறிய உயிருள்ள விலங்கில் நுண்பகுப்புக் குழாய் வைக்க வேண்டும். தியனின் சுரப்பை மாற்றியது என்று உங்கள் ஆய்வேட்டில் எழுதாதீர்கள். இழைய அளவை மாற்றியது அல்லது மாற்றவில்லை என்று மட்டும் எழுதுங்கள்.

கொட்டகலைக் கொழுந்து

ஆறு வாரங்களின் பின் மீண்டும் வருகிறேன். முறையைச் சோதிப்பதற்கென்று மட்டும் சில விலங்குகளை, ஒவ்வொன்றாக, நேரத்தைக் குறித்து, ஐசோபென்ரேனில் உறையவைத்தோம். தூத்தேரிய நியமத்தை அரைக்கும் கரைசலிலேயே சேர்த்து, அசற்றோநைத்திரைல் சாற்றில் பென்சோயிலேற்றம் செய்தேன்.

காபா ஆடுவது நின்றுவிட்டது. 3-மெதொக்சிடைரமைன் எல்லா விலங்குகளிலும் தாழ்ந்தே இருந்தது, ஒன்றைத் தவிர. குறிப்பேட்டைப் பார்த்தேன், அந்த விலங்கில் மண்டையோட்டைத் திறக்க எங்களுக்குத் தாமதமாகியிருந்தது. மேற்பட்டையின் டொபமைன் இரைச்சலுக்கு மேலே தனியாக எழுந்து நிற்பதை அதே பழைய கருவியில் முதன்முறை கண்டபோது, பக்கத்து அறையிலிருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். ஆர்ஜினினும் தியனினும் இரு வேறு உச்சங்களாகப் பிரிந்துவிட்டன. கட்டுப்பாட்டு விலங்குகளில் இரண்டாவது உச்சம் இல்லை. அசற்றைல்கோலின் இன்னும் சரிவரவில்லை. நீர்விரும்பிக் கொலம் வந்த பிறகுதான் காமா-பியூட்டிரோபீற்றேன் விடயத்தைத் தீர்க்க முடியும், அதுவரை அந்த எண்களை எவரிடமும் கொடுக்கமாட்டேன்.

முதல் தொகுதியின் மீந்த துண்டுகளையும் புதிய முறையில் ஓட்டிப் பார்த்தேன். 3-மெதொக்சிடைரமைன் ஒவ்வொன்றிலும் உயர்ந்து, பனிக்கட்டியில் நீண்ட நேரம் கிடந்த விலங்குகளில் இன்னும் உயர்ந்து நின்றது. அந்தத் தரவுகள் எதையும் ஆய்வேட்டில் சேர்க்கப்போவதில்லை என்று என் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒப்புக்கொண்டார். புதிய கருவிக்கான விண்ணப்பத்தை ஒதுக்கிவைத்து, குளிர்வெட்டிக்கும் நியமங்களுக்கும் பணம் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்.

பதுளை வேதியியல்

மகிழ்ச்சி, தங்கச்சி. அந்த விண்ணப்பத்தில் ஃபிரீசருக்கு ஒரு மின்பிறப்பாக்கியையும் சேர்த்துக் கேளுங்கள். 2022 பங்குனியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்தபோது, எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வகத்தில் ஓராண்டு மாதிரிகள் உருகி மீண்டும் உறைந்தன. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஃபிரீசருக்குள் ஒரு சிறு குப்பியில் நீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். நாணயம் பனிக்குள் இறங்கியிருந்தால் உள்ளே எல்லாம் உருகியிருந்தது என்று அறிவீர்கள்.

கொட்டகலைக் கொழுந்து

இன்றே வைத்துவிட்டேன், அண்ணா. இரண்டு ரூபாய் நாணயம், மேல்தட்டில் ஒன்று, கீழ்த்தட்டில் ஒன்று. அடுத்த தொகுதி தைப்பொங்கலுக்குப் பின் தொடங்குகிறது.